குவில்ட் குழுவுக்குப் போய் உறைமழையில் மாட்டிக்கொண்ட நாள் (ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

கிச்சனருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கணவர் வேலைக்குப் போனதும் பேச ஆளில்லை, இந்தக் குளிரில் எங்கே போவது என்று கேட்டிருந்த தங்கச்சிக்கு இதை எழுதுகிறேன்.

கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும், பக்கத்தில் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை) தைக்கும் குழு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கிச்சனர் இருக்கிற வாட்டர்லூ வட்டாரத்தில் மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் நிறைய இருப்பதால் இந்த வேலைக்கு இங்கே தனி மரியாதை. நியூ ஹாம்பர்கில் 1967இல் தொடங்கிய நிவாரண விற்பனையில் குவில்ட்களை ஏலம் விடுவார்கள், அந்தப் பணம் பல நாடுகளில் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகும். நான் ஒரு குழுவில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ராத்திரி பத்து மணிக்கு அவசரம் என்றால் போன் போட எனக்கு இந்த ஊரில் ஆள் இருக்கிறதென்றால் அது அவர்களால்தான்.

ஆனால் குளிர்காலத்தில் போவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

என் இரண்டாவது குளிர்காலம், ஜனவரி. அன்றைய சந்திப்பு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில். காலையில் அந்த வீட்டம்மாவே போன் செய்து, மழை வரும் போலிருக்கிறது, வர வேண்டாமென்று தோன்றினால் வராதே, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றார். அதை நான் வாய் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, மழைக்குப் பயந்து நின்றுவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது, புளியோதரை வேறு கிளறி வைத்தாச்சு, கிளம்பிவிட்டேன். இங்கே அப்படியில்லை. வராதே என்று சொன்னால் வராதே என்றுதான் அர்த்தம், போகாமல் இருப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. மற்ற ஆறு பேரும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள், கிச்சனரிலிருந்து ஓட்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான்.

மூன்று மணிக்கு மேல் என்று சொல்லியிருந்த மழை பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. இதைத்தான் உறைமழை (freezing rain) என்கிறார்கள். நம் ஊர் மழை மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து. மேலே கொஞ்சம் சூடான காற்று இருக்கும், பனி அதில் உருகித் தண்ணீராகும், தரைக்குப் பக்கத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதால் எதன்மேல் விழுகிறதோ அதிலேயே உறைந்துவிடும். ரோடு, படிக்கட்டு, கம்பி, மரம் எல்லாம் கண்ணாடி ஊற்றிய மாதிரி. ஒரு மணி நேரத்தில் என் கார்க் கதவைத் திறக்க முடியவில்லை. கிளைகள் பாரம் தாங்காமல் பட்டாசு வெடிக்கிற மாதிரி முறிந்து விழுந்தன, கரண்ட்டும் போயிற்று. அப்புறம் மறுநாள் மதியம் ரோட்டில் ஐஸ் உருக உப்புத் தூவும் லாரி வந்த பிறகுதான் நான் வீடு வந்து சேர்ந்தேன்.

கரண்ட் போனால் பண்ணை வீடுகளில் தண்ணீரும் போய்விடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கிணற்றுத் தண்ணீரை மோட்டார்தான் ஏற்ற வேண்டும். அந்த அம்மா எச்சரிக்கை கேட்டதுமே குளியல் தொட்டியையும் இரண்டு வாளியையும் நிரப்பி வைத்திருந்தார், விறகு அடுப்பும் இருந்தது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய குவில்டை ஜன்னலோரம் நகர்த்தி, வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து தைத்தோம். இன்ச்சுக்கு எட்டு ஒன்பது தையல் விழ வேண்டும், என் கைக்கு ஐந்துதான் வந்தது. யாரும் பிரிக்கச் சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவர் ஊசியை ஆட்டி ஆட்டி நாலு தையலை ஒன்றாகக் கோத்து இழுக்கக் கற்றுக்கொடுத்தார். ராத்திரி சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாடு என்று இருந்தது என் புளியோதரைதான். அவர்கள் அதைச் சாப்பிட்ட விதம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த ராத்திரி நான் தவித்தது இரண்டு விஷயத்துக்கு. தைராய்டு மாத்திரை வீட்டில், போனில் சார்ஜ் இல்லை. என் கணவர் வீட்டில் எனக்கு என்ன ஆனதோ என்று துடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் இரண்டு நாள் மாத்திரையும் பவர் பேங்க்கும் கைப்பையிலேயே இருக்கட்டும், யார் வீட்டுக்குப் போகிறீர்களோ அந்த வீட்டு நம்பர் கணவரிடமும் இருக்கட்டும். கிளம்பும் முன் கனடா அரசின் வானிலை ஆப்பான வெதர்கேனில் (WeatherCAN) மணி வாரியாகப் பாருங்கள், ரோடு நிலவரம் ஒன்டாரியோ 511 என்கிற அரசுச் சேவையில் தெரியும். பள்ளிப் பேருந்து ரத்து என்று காலையில் செய்தி வந்தாலே அன்றைக்கு வீட்டில் இருந்துவிடுங்கள். விண்டர் டயர் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள், 7 டிகிரிக்குக் கீழே ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், இன்சூரன்ஸிலும் தள்ளுபடி உண்டு. ஆனால் உறைமழை ஐஸில் விண்டர் டயரையும் நம்பிப் போகாதீர்கள்.

வீட்டில் கரண்ட் போனால் குளிருக்காக பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து பற்றவைக்கவே கூடாது, காரேஜிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2013 டிசம்பரில் டொராண்டோ பக்கம் ஐஸ் புயல் வந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனபோது இதில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பழைய சுங்குடிப் புடவையில் குவில்ட் தைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், வெட்டித் தைக்கலாம், என் முதல் குவில்டே அம்மாவின் பழைய சிவப்புச் சுங்குடிதான். வெட்டும் முன் குளிர்ந்த தண்ணீரில் தனியாக இரண்டு மூன்று முறை அலசுங்கள், சாயம் இறங்கினால் பக்கத்து வெள்ளைத் துணி வீணாகிவிடும். நம் டெய்லர்கள் மாதிரி தையலுக்கு உள்பக்கம் தாராளமாகத் துணி விடாதீர்கள், குவில்டுக்குக் கால் இன்ச்தான் கணக்கு. புளியோதரை கொண்டுபோனால் வேர்க்கடலை போட்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள், போடாமல் ஒரு சின்ன டப்பா தனியாகவும் எடுத்துப் போங்கள், எங்கள் குழுவிலேயே ஒருவருக்குக் கடலை ஆகாது.