குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோலை ஆட்டுக்குப் போடலாமா?

ராசிபுரம் ஆட்டுக்காரன்:
வீட்டில் 14 வெள்ளாடு நிற்கிறது. பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்குத் தோலைச் சும்மாவே அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பிக்கு மட்டும்தான் காசு. மாட்டுக்குத் திப்பி வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான், தோலைப் பற்றித்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிழங்குத் தழை மேய்ந்த ஆடு நுரை தள்ளி விழுந்ததைப் பார்த்தவர் என் அம்மா, தோலும் அதே விஷம்தான் என்று ஒரே பிடிவாதம். அதில் சத்து ஏதாவது இருக்கிறதா, இல்லை வயிறு ரொப்ப மட்டுமா?

முள்ளுவாடி:
அம்மா பேச்சைத் தட்டாதீர்கள் தம்பி. சதையைவிடத் தோலில்தான் லினமாரின் அதிகம், சயனைடு அதற்குள்தான் கட்டுண்டு கிடக்கிறது. கிழங்கு நசுங்கினால் அதிலேயே இருக்கும் நொதி லினமாரினைப் பிரித்து சயனைடைக் கிளப்பும். அந்த வேலை ஆட்டின் வயிற்றுக்குள் நடந்தால் ஆடு போச்சு, களத்தில் நடந்தால் காற்றோடு போய்விடும், அவ்வளவுதான் விஷயம். அதனால் பச்சையாகப் போடவே வேண்டாம். பொடிசாக நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறி, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற வரை காய வையுங்கள். வேகவைத்துத் தண்ணீரோடு ஊற்றிவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள், அது தப்பு. சூட்டில் நொதி செத்துவிடும், லினமாரின் அப்படியே நிற்கும், அப்புறம் ஆட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துவிடும்.

தீவனக் கணக்கு:
சத்து என்று பார்த்தால் மாவுச்சத்து இருக்கிறது, கத்தியால் சீவிய தோலில் சதை ஒட்டிக்கொண்டு வருவதால் இன்னும் கூடுதல். புரதம்தான் ஏழை, காய்ந்த தோலில் சுமார் 5 சதவீதம், மக்காச்சோளத்திலேயே 8, 9 வரும். சயனைடு கொஞ்சம் மிச்சமிருந்தால் அதை முறிக்க உடம்புக்குக் கந்தகம் வேண்டும், அது புரதத்தில் இருந்துதான் வர வேண்டும். ஆக, கடலைப் புண்ணாக்கோ சூபாபுல் தழையோ சேர்க்காமல் தோலை மட்டும் வைத்தால் ஆடு இளைக்கத்தான் செய்யும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். ஆலைத் தோலில் மண் நிறைய ஒட்டியிருக்கும், அலசிவிட்டுக் காயப் போடுங்கள்.

இபாதான் போய்வந்தவன்:
உலகத்திலேயே அதிகம் மரவள்ளி விளைவது நைஜீரியாவில். அங்கே தோலை மலை மலையாகக் குவித்துக் கொளுத்துவார்கள், புகையும் நாற்றமும் தாங்காது. இபாதானில் இருக்கும் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதையே துருவி, சாக்கில் கட்டி அழுத்திப் பிழிந்து, சலித்துக் காய வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிழிவதால் தண்ணீரோடு விஷமும் கணிசமாக இறங்கிவிடும், நல்ல வெயில் இருந்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும். 3 டன் பச்சைத் தோலுக்கு ஏறக்குறைய 1 டன் மாவு. பொடி கோழிக்கும் பன்றிக்கும், திப்பி மாதிரி நிற்கும் சொரசொரப்பு ஆடு மாட்டுக்கு.

ராசிபுரம் ஆட்டுக்காரன்:
நன்றி அண்ணா. துருவல் மெஷினுக்கு இப்போது வழியில்லை, களத்தில்தான் காய வைக்க வேண்டும். நடுவில் மழை வந்தால்?

முள்ளுவாடி:
பூஞ்சை பிடித்ததைத் தயங்காமல் குப்பையில் கொட்டுங்கள், சும்மா வந்ததுதானே. காய்ந்ததையும் முதல் வாரம் கைப்பிடி கைப்பிடியாகப் பழக்குங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மூச்சு வாங்கி, தள்ளாடினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சயனைடை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் ஊசி அவர் கையிருப்பில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள், ஆடு விழுந்த பிறகு தேட நேரம் இருக்காது.