'டிசெப்ஷன்' படத்தின் செல்லோ இசை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். 1946-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'டிசெப்ஷன்' படத்தை எங்கள் திரைப்பட வட்டத்தில் திரையிடவிருக்கிறோம். அறிமுக உரை என் தலையில் விழுந்திருக்கிறது.

கதையில் சிக்கலில்லை. போரில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட, செல்லோ என்னும் பெரிய வயலின் போன்ற வாத்தியம் வாசிக்கும் கலைஞன் (பால் ஹென்ரீட்) திரும்பி வருகிறான். பழைய காதலியான பியானோ கலைஞி (பெட்டி டேவிஸ்) அவனை மணக்கிறாள். இசையமைப்பாளர் ஹொலேனியஸுடன் தனக்கிருந்த உறவை மறைக்க ஒரு பொய், அதைக் காக்க இன்னொரு பொய். ஆனால் படத்தைத் தாங்குபவர் ஹொலேனியஸாக வரும் கிளாட் ரெயின்ஸ்தான். ஒத்திகைக்கு முன் உணவகத்தில் எதைச் சாப்பிடுவது என்று மாற்றி மாற்றி யோசித்தே, பதற்றத்திலிருக்கும் அந்த இளைஞனை வதைப்பார். கத்தியின்றி நடத்தும் கொடுமை!

படத்தின் இசையமைப்பாளர் எரிக் உல்ஃப்காங் கோர்ன்கோல்ட் இப்படத்துக்கென எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பின்னர் விரித்து, மேடைக்குரிய தனிப் படைப்பாக்கினார். படத்துக்காக வாசித்தவர் எலினோர் ஆலர். திரையில் தந்திகள்மேல் ஓடும் விரல்கள்கூட ஹென்ரீட்டுடையவை அல்ல.

மேலை இசை கற்றவர்களிடம் கேட்கிறேன்: மேடை வடிவத்தில் புதிதாகச் சேர்ந்த பகுதிகள் எவை? கேள்வி ஞானம் மட்டுமே உள்ளவர்களுக்கு அதை எப்படி விளக்கலாம்? நல்ல ஒலிப்பதிவு ஒன்றையும் பரிந்துரையுங்கள். படத்துக்கு மூலமான லூயி வெர்னூயின் நாடகத்தை வாசித்தவர் யாரேனும் இருந்தால், ஆங்கிலப் பிரதி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். முடிவை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். வட்டத்து நண்பர்கள் சிலரும் இக்குழுவில் இருக்கிறார்கள்.