தனியாரிடமிருந்து அரசிடம் திரும்பும் ரயில்கள்: உண்மையில் என்ன கைமாறுகிறது?

சிம்ஸ் பூங்கா (குன்னூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கிலாந்தில் யார்க் நகரில் வேலை பார்க்கிறாள். லண்டனுக்குப் போக அவள் ஏறும் ரயிலை இப்போது எல்.என்.இ.ஆர். என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது என்றும், 2018 வரை அதே தடத்தை நடத்திய தனியார் நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே விலக நேர்ந்தது என்றும் சொன்னாள். வண்டிகள் நிரம்பித்தான் ஓடின என்றும் சேர்த்துச் சொன்னாள். கூட்டம் இருந்தும் ஒரு நிறுவனம் எப்படித் தோற்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்படிக் கைமாறும் நாளில் ஓட்டுநர்களுக்கும், பெட்டிகளுக்கும், முன்பதிவு செய்த பயணிகளுக்கும் என்ன ஆகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வெறும் ஆவலுக்காக இதைக் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் நம் நீலகிரி மலை ரயிலை ஒரு தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்து, ஒருவருக்கு 3,000 ரூபாய் கட்டணத்தில் ஓட்டியபோது இங்கே எழுந்த கொந்தளிப்பு பலருக்கும் நினைவிருக்கும். அன்று முதல், ரயிலைப் பற்றி எந்த வதந்தி கிளம்பினாலும் குன்னூர் பேருந்து நிலையத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது: தனியாரிடம் கொடுத்தால்தான் ஒழுங்காக ஓடும் என்பார் ஒருவர், கொடுத்தால் நாம் ஏறவே முடியாது என்பார் மற்றவர். கொடுத்துப் பார்த்துத் திரும்ப வாங்கிய நாட்டின் அனுபவம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அருவங்காட்டான் (இப்போது நியூகாசில்) எழுதியது:

ஐயா, வணக்கம். நான் அருவங்காட்டில் பிறந்து வளர்ந்தவன். உங்கள் மகள் ஏறும் அதே தடத்தில்தான் அலுவல் காரணமாக அடிக்கடி பயணம் செய்கிறேன். கூட்டம் இருந்தும் எப்படித் தோற்றார்கள் என்ற கேள்விக்கு விடை, பிரிட்டன் தன் ரயில்வேயைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே ரயில்வே பல துண்டுகளாக்கப்பட்டது. தண்டவாளம், சிக்னல், பெரிய நிலையங்கள் ஆகியவை ரயில்ட்ராக் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போயின. 2000-இல் ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து நால்வர் இறந்த விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் நிலைகுலைந்து, 2002-இல் அதன் பொறுப்புகள் லாப நோக்கமற்ற நெட்வொர்க் ரயிலிடம் வந்தன. பெட்டிகளும் என்ஜின்களும் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் சொத்தாயின. ஆக, ஓட்டும் நிறுவனத்தின் கையில் மிஞ்சியது, இத்தனை ஆண்டுகளுக்கு இந்தத் தடத்தில் வண்டி ஓட்டலாம் என்ற ஒப்பந்த உரிமை மட்டுமே. லாபம் தரக்கூடிய தடம் என்றால், அந்த உரிமைக்காக அரசுக்கு யார் அதிகப் பணம் தருவதாக வாக்களிக்கிறாரோ அவருக்கே பெரும்பாலும் ஒப்பந்தம் கிடைக்கும். அந்த வாக்குறுதியோ, வரும் ஆண்டுகளில் கட்டண வருவாய் இவ்வளவு வளரும் என்ற கணிப்பின் மேல் நிற்பது.

உங்கள் மகள் ஏறும் லண்டன்–எடின்பரோ தடத்தில் கணிப்பு மூன்று முறை பொய்த்தது. முதலில் ஜி.என்.இ.ஆர். என்ற தனியார் நிறுவனம்; அதன் தாய் நிறுவனம் கடனில் சிக்கியதால் 2007-இல் வெளியேறியது. அடுத்து வந்த நேஷனல் எக்ஸ்பிரஸ், 2015 வரையிலான காலத்துக்கு 140 கோடி பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டது. 2008-இன் பொருளாதாரச் சரிவில் பயணிகள் வளர்ச்சி நின்றதும், 2009 நவம்பரில் தடத்தை அரசு எடுத்துக்கொண்டது. 2015 மார்ச்சில் ஸ்டேஜ்கோச் 90 விழுக்காடும் வர்ஜின் 10 விழுக்காடும் பங்கு கொண்ட நிறுவனம் 330 கோடி பவுண்டு தருவதாக வாக்களித்துத் தடத்தைப் பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 2018 ஜூன் 24 அன்று, அதுவும் விலகியது. வண்டிகள் காலியாக ஓடியதில்லை. வாக்களித்த தொகையை எட்டும் அளவுக்கு வருவாய் வளரவில்லை, அவ்வளவுதான்.

இடையில் 2009 முதல் 2015 வரை அரசு நிறுவனமே இந்தத் தடத்தை நடத்தி, ஏறத்தாழ 100 கோடி பவுண்டை அரசுக் கருவூலத்துக்குச் செலுத்தியது. நன்றாக நடந்துகொண்டிருந்ததை மறுபடியும் ஏலத்துக்கு விட்டதில்தான் இங்கே பலருக்கும் இன்றுவரை ஆற்றாமை. எனக்கும் அப்படியே.

கைமாறும் இரவைப் பற்றிக் கேட்டீர்கள். பயணிக்கு அன்று எதுவும் தெரியாது. ஒப்பந்தக்காரர் விலகினாலும் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையைச் சட்டம் அரசின் மேல் வைத்திருக்கிறது. அதற்கென்றே ஒரு நிறுவனம் எப்போதும் தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர், டிக்கெட் பரிசோதகர், நிலைய ஊழியர் அனைவரும் அதே சம்பளம், அதே பணி நிபந்தனைகளோடு புதிய நிறுவனத்துக்கு மாறுகிறார்கள். வாங்கிய டிக்கெட் செல்லும். காலையில் அதே பெட்டி, அதே ஓட்டுநரோடு புறப்படும். சீருடையில் சின்னம் மாறுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

அரசிடம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வட இங்கிலாந்தின் உள்ளூர் வண்டிகளை நடத்தும் நார்தர்ன் 2020 மார்ச்சில் அரசிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை பல ஓட்டுநர்களுக்குக் கட்டாயமில்லை என்ற பழைய பணி ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்ததால், அதன் பிறகும் ஞாயிறுகளில் வண்டிகள் கூட்டங்கூட்டமாக ரத்தாயின. பெட்டிகளுக்கான வாடகை இன்னமும் தனியார் நிறுவனங்களுக்கே போகிறது. 2024-இல் வந்த புதிய சட்டத்தின்படி மற்ற தடங்களும் ஒப்பந்தம் முடிய முடிய அரசிடம் வருகின்றன. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் முதலாவதாக வந்தது. இந்தக் குறைகளும் அவற்றோடு சேர்ந்தே வரும்.

கேத்திப் பள்ளத்தாக்கு எழுதியது:

தம்பியின் விளக்கம் தெளிவாக இருந்தது. கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், நட்டம் யார் தலையில் என்ற பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தை முறிக்கும் நிறுவனம் முன்கூட்டி வைத்த பிணைத்தொகையையும், தாய் நிறுவனம் தருவதாக ஒப்புக்கொண்ட கடனையும் இழக்கும். நேஷனல் எக்ஸ்பிரஸ் இழந்தது சுமார் 7.2 கோடி பவுண்டு. ஸ்டேஜ்கோச் தரப்பு கொடுத்த உத்தரவாதம் 16.5 கோடி. சாதாரண மனிதருக்கு இவை பெரும் தொகைதான். ஆனால் 140 கோடி, 330 கோடி என்ற வாக்குறுதிகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழப்பின் உச்சவரம்பு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு, அதிகமாக வாக்களித்து ஏலத்தை எடுப்பதில் உள்ள ஆபத்து ஏலதாரருக்குச் சிறிதாகிவிடுகிறது; மீதி வராத பணம் முழுவதும் அரசின் வரவு செலவில் துண்டாக விழுகிறது. கணக்கு எழுதியவர்கள் கண்ணுக்கு இது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. டெல்லி விமான நிலைய மெட்ரோ தடத்தில் கட்டுமானத்தை டெல்லி மெட்ரோ செய்தது. வண்டிகளையும் தொழில்நுட்ப அமைப்புகளையும் நிறுவி 30 ஆண்டுகள் நடத்தும் உரிமை ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையிலான நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வண்டி, மேம்பாலப் பகுதியில் கண்டறியப்பட்ட குறைபாடுகளால் 2012 ஜூலையில் நின்றது. 2013 ஜனவரியில் வேகக் கட்டுப்பாட்டோடு மீண்டும் ஓடியது. அதே ஆண்டு ஜூலை முதல் டெல்லி மெட்ரோவே நடத்துகிறது. பின்னர் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாய்க்கு இறக்கப்பட்டது, கூட்டமும் பெருகியது.

வண்டி ஒரே நாளில் கைமாறிவிட்டது, வழக்கு ஓயவில்லை. 2017-இல் நடுவர் தீர்ப்பாயம் ஏறத்தாழ 2,800 கோடி ரூபாயை நிறுவனத்துக்குத் தரச் சொன்னது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சீராய்வுக்குப் பிந்தைய மனுவில் அந்தத் தீர்ப்பை நீக்கியது. வட்டியோடு தொகை சுமார் 8,000 கோடியைத் தொட்டிருந்தது. கட்டுமானக் குறைக்கு யார் பொறுப்பு, விலகினால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பவை ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படாவிட்டால், பயணிக்குச் சம்பந்தமே இல்லாத சண்டை பத்து ஆண்டுகளுக்கு மேல் நடக்கும்.

சிம்ஸ் பூங்கா எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா சொன்ன உச்சவரம்பு விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. நம் மலை ரயிலும் ஒரு காலத்தில் தனியாரிடம் இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எப்படி அரசிடம் வந்தது?

ஹில்குரோவ் எழுதியது:

ஐயா, ஆம். குன்னூர் வரையிலான பாதையைத் தொடங்கியதே தனியார் நிறுவனம்தான். 1891-இல் வேலை ஆரம்பித்தது. 1894-இல் பணம் தீர்ந்து நிறுவனம் கலைக்கப்பட்டது. 1896-இல் புதிதாக அமைந்த நிறுவனம் வேலையை முடித்து, 1899 ஜூனில் பாதை திறக்கப்பட்டது. 1903-இல் அரசே அதை விலைக்கு வாங்கியது. உதகமண்டலம் வரையிலான நீட்டிப்பு 1908-இல், அரசின் கையில் வந்த பிறகே முடிந்தது. அதாவது வண்டி ஊட்டியைத் தொட்டதே பொதுப்பணத்தால்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், அதில் பற்களைப் பதித்து என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது; ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று, என்ஜின் ஓட்டுநரின் விசில் கேட்டுக் கையால் பிரேக் சக்கரத்தைத் திருகுகிறார். சிறிய பெட்டிகளில் ஏறும் சில நூறு பேரின் டிக்கெட் பணம் இத்தனை ஆட்களுக்கும், ஐப்பசி கார்த்திகையில் மண் சரியும்போதெல்லாம் பாதையைத் துப்புரவாக்குவதற்கும் போதாது. இதற்கான நீராவி என்ஜினைச் சந்தையில் வாங்கவும் முடியாது. திருச்சி பொன்மலைப் பணிமனைதான் புதிய என்ஜின்களைச் செய்து கொடுத்தது. லாபக் கணிப்பைக் காட்டி இந்தப் பாதையை எவர் ஏலம் எடுத்தாலும், 1894 திரும்பும் என்றே நான் நினைக்கிறேன்.

2020-இல் நடந்தது வேறு வகை. அது வாடகை வண்டி. பாதை, என்ஜின், ஊழியர் எல்லாம் ரயில்வேயுடையவை, டிக்கெட் விற்கும் உரிமை மட்டும் வாடகைக்காரருக்கு. அதைத் தனியார்மயம் என்று சொல்வது சரியாகாது. ஆனால் கவலைப்பட ஒரு நியாயமான காரணம் உண்டு. மலையில் பெட்டிகளும் என்ஜின்களும் கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருப்பதால், வாடகை வண்டிக்குப் போகும் பெட்டி வழக்கமான வண்டிக்குக் குறையுமா என்பதுதான் குன்னூர், அருவங்காடு, லவ்டேல் மக்கள் கேட்க வேண்டியது. இந்தப் பாதை சேலம் கோட்டத்தின் கீழ் வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும்போது, பேருந்து நிலைய விவாதத்தையெல்லாம் எழுதாமல், வாடகைக்கு விட்ட நாட்களின் பட்டியல், ஒவ்வொரு நாளுக்கும் பெறப்பட்ட தொகை, அந்நாட்களில் வழக்கமான வண்டியில் இணைக்கப்பட்ட பெட்டிகளின் எண்ணிக்கை, வாடகைக்காரர் ரத்து செய்தால் இழக்கும் பிணைத்தொகை ஆகிய நான்கை மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள். கேத்தி அம்மாவும் நானும் கணக்கைச் சேர்ந்து பார்க்கிறோம்.