மியூசியத்துல இருக்கற கடல் ஊர்வன எலும்புக்கூடெல்லாம் ஒரிஜினலா?

கடலோடி_77:
போன வாரம் பொண்ண கூட்டிட்டு லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் போயிருந்தேன், செவுத்துல இக்தியோசார், பிளீசியோசார்னு வரிசையா மாட்டிருக்காங்கல்ல, அங்க நின்னு "அப்பா, இது நிஜ எலும்பா, செஞ்சு வச்சதா"ன்னு கேட்டா, பதில் தெரியல. பாத்தே சொல்ல முடியுமா?

பாறைப்பித்தன்:
நல்ல கேள்வி கேட்டிருக்கா பாப்பா. தாமஸ் ஹாக்கின்ஸ்னு ஒருத்தர் 1834ல தன்னோட கடல் ஊர்வன ஃபாசில் கலெக்ஷன பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்தார், அங்க பொறுப்பாளரா இருந்த கோனிக் பாத்துட்டு இதுல பல இடம் பிளாஸ்டர்னு சொல்ல பெரிய பிரச்சனையாச்சு. கார்டிஃப்ல நூறு வருஷத்துக்கு மேல காட்சில இருந்த ஒரு இக்தியோசார, 2000 வாக்குல சுத்தம் பண்ண எடுத்தாங்க, பெயின்ட் போனதும் பாத்தா ரெண்டு விலங்கோட எலும்ப ஒண்ணாக்கி மிச்சத்த பிளாஸ்டர்ல செஞ்சிருக்காங்க. தூக்கி எறியல, அப்படியே காட்டறாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சது.

மண்வெட்டி:
சந்தேகம் தப்பாவும் போகும் ப்ரோ. இங்கிலாந்துல ஃபாசில் தேடி எடுத்த மேரி ஆனிங் 1823ல எடுத்த பிளீசியோசார் கழுத்து அவ்ளோ நீளமா இருக்கவே முடியாதுன்னு பிரெஞ்சு உடற்கூறு நிபுணர் குவியேவே சந்தேகப்பட்டார், கடைசில அது உண்மைனு ஒத்துக்கிட்டார்.

பாறைப்பித்தன்:
ஆமா. வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு, பாறைல ஓடற விரிசல் எலும்புக்குள்ளயும் தொடருதா, எலும்பு கிட்ட வந்ததும் நின்னுடுதான்னு பாருங்க, முதுகெலும்பு சைஸ் திடீர்னு மாறுதான்னும் பாருங்க. உள்ள வேல செய்றவங்க யுவி லைட் அடிப்பாங்க, பசை, பெயின்ட் எல்லாம் எலும்புல இருந்து வேற மாதிரி ஒளிரும், சிடி ஸ்கேன்ல பிளாஸ்டர் அடர்த்தி தனியா தெரியும். ஆனா இன்னொரு விலங்கோட நிஜ எலும்ப வச்சிருந்தா மெஷின் மட்டும் போதாது, அதுவும் எலும்புதானே, உடற்கூறு தெரிஞ்சவங்க ஒவ்வொரு விரல் எலும்பா பாத்தாதான் பிடிபடும்.

கடலோடி_77:
ரொம்ப நன்றிங்க. ஆன்லைன்ல மொராக்கோ மொசசார் (அதுவும் ஒரு பழைய கடல் ஊர்வனதான்) தாடை விக்கறாங்க, பொண்ணுக்கு வாங்கலாமா?

மண்வெட்டி:
தாடை வேணாம், பல்லு நிஜமா இருக்கும், தாடைய பெரும்பாலும் ஒட்டவச்சு செஞ்சிருப்பாங்க. மொராக்கோ தாடை ஒண்ண 2021ல ஜெனோடென்ஸ்னு புது மொசசார் இனமா பேர் வச்சதுக்கே 2024ல சந்தேகம் கிளம்பிடுச்சு, ஒரே குழில ரெண்டு பல்லு, மொசசாருக்கு ஒரு பல்லுக்கு ஒரு குழிதான். ஒத்தப் பல்லா வாங்கிக் குடுங்க.