பூட்ஸ்ட்ராப் செய்த செலவு-பயன் விகிதத்துக்கு நம்பிக்கை இடைவெளி எடுக்க முடியவில்லை

கேள்வி:
வணக்கம். பிரிவுக்கு 60 நோயாளிகள் வீதம் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வில், புதிய சிகிச்சைக்குச் சராசரியாக 6,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது, பயன் 0.02 குவாலி, அதாவது தரம் சீரமைத்த ஆயுள் ஆண்டு, கூடுகிறது. ஆக, ஒரு குவாலிக்கு 3 லட்சம் ரூபாய். ஆர் மென்பொருளில் 5,000 முறை பூட்ஸ்ட்ராப் செய்து, அதாவது அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து, விகிதங்களை வரிசைப்படுத்தி, 2.5, 97.5 நூற்றுமானங்களை எடுத்தால், கீழ் எல்லை கழித்தல் 40 லட்சத்திலும் மேல் எல்லை 50 லட்சத்திலும் போய் நிற்கிறது. நிரலில் பிழை தேடியே இரண்டு நாள் போய்விட்டது. சிலருக்கு மட்டும் மிக அதிகமாகி, செலவு ஒருபக்கம் கோட்டமாக இருப்பதால் மடக்கை எடுத்து ஒப்பிடச் சொல்கிறார் உடன் பணிபுரிபவர். அதைச் செய்யலாமா?

பதில் 1:
விகிதங்களை வரிசைப்படுத்தியதுதான் தவறு. செலவு 6,000 கூடி 0.02 குவாலி கூடினாலும் விகிதம் 3 லட்சம். செலவு 6,000 குறைந்து 0.02 குவாலி குறைந்தாலும் அதே 3 லட்சம். கழித்தல் 3 லட்சம் என்றாலும் அப்படித்தான்: மலிவான நல்ல சிகிச்சைக்கும் விலை கூடிய மோசமான சிகிச்சைக்கும் ஒரே எண் வரும். பயனின் வித்தியாசம் சுழியைத் தொட்டுச் செல்லும்போது விகிதம் இரு பக்கமும் பறக்கும். 1998இல் ஸ்டின்னட்டும் முல்லாஹியும் முன்வைத்த நிகரப் பயன் முறைக்கு மாறுங்கள்: ஒரு குவாலிக்குக் கொடுக்கத் தயாரான தொகையைப் பயனால் பெருக்கி, அதிலிருந்து செலவைக் கழிக்க வேண்டும். அந்தத் தொகை 2 லட்சம் என்றால், முதல் நிலையில் 4,000 − 6,000 = −2,000; இரண்டாம் நிலையில் +2,000. இனி வரிசைப்படுத்தலாம்.

மடக்கை வேண்டாம்; அது சராசரிச் செலவை ஒப்பிடாது. திட்டத்துக்குப் பணம் கொடுப்பவருக்குத் தேவை மொத்தத் தொகை. அது சராசரியை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் கிடைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் கிடந்தவரின் பில்லையும் யாரோ கட்டத்தானே வேண்டும்?

கேட்டவர்:
மிக்க நன்றி. 2 லட்சத்தில் நிகரப் பயனின் இடைவெளி −14,800 முதல் 10,800 வரை வருகிறது. ஆனால் அந்த 2 லட்சம் என்பதை யார் தீர்மானிப்பது?

பதில் 2:
எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் செலவிடலாம் எனப் பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை வைத்திருந்தது. இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியை ஒட்டியே வைக்கின்றன. நீங்கள் ஒரே தொகையில் நிற்காமல், சுழியிலிருந்து 10 லட்சம் வரை ஒவ்வொரு தொகைக்கும் நிகரப் பயன் நேர்மமாக வந்த பூட்ஸ்ட்ராப் மாதிரிகளின் பங்கை வரைந்து காட்டுங்கள். ஏற்புடைமை வளைகோடு என்பது அதுதான். உங்கள் வளைகோடு 3 லட்சத்தை ஒட்டிப் பாதியைக் கடக்க வேண்டும். கடக்காவிட்டால் நிரலை மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: செலவையும் குவாலியையும் தனித்தனியாக மறுமாதிரி எடுக்கிறீர்களா?

கேட்டவர்:
ஆம், இரண்டு வரிகளில் தனித்தனியாகத்தான் எடுத்திருக்கிறேன்.

பதில் 2:
அப்படியானால் ஒரே நோயாளியின் செலவுக்கும் குவாலிக்கும் உள்ள ஒட்டுறவு அறுந்துவிட்டது. நோயாளியின் வரிசை எண்ணை மட்டும் மறுமாதிரி எடுத்து, அவருடைய செலவையும் குவாலியையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். இரு சிகிச்சைப் பிரிவுகளையும் கலக்காமல் தனித்தனியாக எடுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இடைவெளி சற்றுக் குறுகியிருக்கிறது. வளைகோடும் 3 லட்சத்துக்கு அருகில் பாதியைக் கடக்கிறது.