டிஸ்னி வேர்ல்டில் ஆறு பேருக்கு எந்த ரிசார்ட், எந்த மீல் பிளான்?

எல்லாருக்கும் வணக்கம். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு ஆறு பேர் போகிறோம்: நாங்கள் இருவர், அப்பா, அம்மா, 10 வயதுப் பையன், 5 வயதுப் பெண்.

ஆறு பேரும் ஒரே அறையில் தங்க ஆல்-ஸ்டார் மியூசிக், ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற இரண்டு டிஸ்னி ரிசார்ட்டிலும் ஃபேமிலி சூட் இருக்கிறது, இரண்டு குளியலறையோடு. முதலாவது பெரும்பாலும் மலிவு, ஆனால் பஸ் மட்டும்தான். இரண்டாவதில் ஸ்கைலைனர் கேபிள் கார் எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்குகளுக்குப் போகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? மேஜிக் கிங்டம் பார்க்குக்கு எப்படியும் பஸ்தானே!

பெரிய குழப்பம் சாப்பாடு. டைனிங் பிளான் (சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் மீல் பிளான்) எடுத்தால் அறையில் இருக்கும் 3 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் ஒரே பிளான் எடுக்க வேண்டுமாம். அம்மா கொறிப்பதோடு சரி. 10 வயதானால் பெரியவர் கட்டணம் வேறு (பையன் சாப்பிடுவதைப் பார்த்தால் அதுகூட நியாயம்தான்). மீதமாகும் கிரெடிட் (பிளானில் கிடைக்கும் சாப்பாட்டுக் கணக்கு) செக்-அவுட் அன்று நள்ளிரவோடு காலாவதி.

குயிக் சர்வீஸ் பிளான் (கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் வகை) போதுமா, அல்லது அவ்வப்போது காசு கொடுத்தே சாப்பிடலாமா? பெரியவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.