டிவிக்குக் காத்திருந்தது பலித்தது, ரேமுக்குப் பலிக்கவில்லை

காரைக்குடியிலிருந்து:

2025 ஐப்பசியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களைப் பரப்பும்போது வைப்பதற்காக 43 அங்குல டிவி ஒன்றை ஆவணியிலேயே பார்த்து முடிவு செய்து, முன்பணம் கொடுக்கப் புறப்பட்ட வேளையில், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறையும் என்ற அறிவிப்பு வந்தது. 21ஆம் தேதி மகாளய அமாவாசை. அது கழியும் வரை புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பத்தா முன்பே சொல்லியிருந்ததால், காத்திருப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

செக்காலை சாலையில் நாங்கள் பார்த்துவைத்திருந்த கடையில் அந்த வாரம் நல்ல கூட்டம். பெட்டியின் பக்கவாட்டில், பழைய விலை மறையாதபடி அதன் அருகிலேயே புதிய விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். வரி பத்துக் குறைந்தால் விலையும் நூற்றுக்குப் பத்துக் குறைய வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்: வரி சேராத விலை 25,000 ரூபாய் என்றால், பழைய வரியோடு 32,000, புதிய வரியோடு 29,500, ஆகக் குறைவது 2,500, அதாவது நாம் கொடுத்துவந்த விலையில் எட்டு விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே. அவர் கணக்கு சரி. பக்கத்தில் நின்ற ஒருவர் ஏமாற்றுகிறார்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனது அந்த மனிதருக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் மகனின் லேப்டாப்புக்கு ரேம் எனப்படும் நினைவகம், 16 ஜிபி அளவில் ஒன்றும் வேண்டியிருந்தது. அன்றைக்கே விசாரித்தேன், 3,400 ரூபாய் என்றார்கள். டிவியில் கிடைத்த லாபம் தந்த துணிச்சலில், இதுவும் தீபாவளி கழிந்தால் இறங்கும் என்று தள்ளிவைத்துவிட்டேன். மார்கழியில் போய்க் கேட்டபோது அதே பொருள் 8,000ஐத் தாண்டியிருந்தது. அதுவும் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிறகுதான் விவரம் விளங்கியது. இந்த நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நல்ல விலை கொடுத்து அள்ளிக்கொள்வதால், அந்த நிறுவனங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. மைக்ரானோ, நம்மைப் போன்றோர் வாங்கும், க்ரூஷியல் என்ற பெயரில் விற்ற ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வரியைக் குறைக்க ஓர் அரசாணை போதும். சரக்கு வராததால் ஏறிய விலை எப்போது இறங்கும் என்று எந்தக் கடைக்காரராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை நான் அன்று யோசிக்கவில்லை. 8,000 கொடுத்தே வாங்கினேன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 5 என்ற சோனியின் வீடியோ கேம் கருவி நினைவுக்கு வந்தது. 2021 பிப்ரவரி 2 அன்று அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. கைவசம் வைத்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவர் 70,000 கேட்டார், மனம் ஒப்பவில்லை. பழகப் பழக மின்னணுப் பொருள் மலிவாகும் என்று என் தம்பி மகனைச் சமாதானப்படுத்தி வைத்தேன். 2022 இறுதியில் சோனி நிறுவனமே விலையை 54,990 ஆக உயர்த்தியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு காத்திருந்து, 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்கினோம்.